வரிக்கடைசியில் நின்ற கொம்பு

ஓர் எண்ணை மாற்றினேன். பக்கம் முழுவதும் தானாக நகர்ந்து ஒழுங்காக உட்கார்ந்தது.

ரவாங்கில் நான் குமாஸ்தாவாக இருக்கும் கூரை ஓட்டுத் தொழிற்சாலை அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது இது. 'வரியின் அகலம்' என்ற இடத்தில் எழுபது என்றிருந்ததை நாற்பதாக்கினேன். பச்சைத் திரையில் நான் தட்டி வைத்திருந்த விலைப்பட்டியல் மெலிந்து, இரண்டு பத்தியாகப் பிரிந்து, தலைப்பை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தையைக்கூட நான் மறுபடி தட்டவில்லை. கடித்த கறிபாப் பலகாரத்தை மெல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இதழை இதில் போட்டால் என்ன?

அந்தப் புரோகிராம் எனக்கு ஒரு டிஸ்கில் வந்தது. கோலாலம்பூரில் சனிக்கிழமைக் கம்ப்யூட்டர் வகுப்பில் என்னோடு படிக்கிறவன் கொடுத்தான். காசு கேட்கவில்லை, கேட்கவும் கூடாதாம். திறந்ததும் வரும் முதல் அறிவிப்பே அதுதான்: யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. உள்ளே போனால் அதை எழுதியவரின் ஒவ்வொரு வரியும் கண்ணுக்குத் தெரியத் திறந்து கிடந்தது. செய்திகளைத் தனித்தனியாக வாங்கி வைத்துக்கொள்ளும். எது முதல் பக்கம், எது கடைசிப் பக்கம் என்று சொன்னால் போதும்; பக்கத்தை அதுவே கட்டி அச்சுப்பொறிக்கு அனுப்பிவிடும். எழுதுவது ஒரு வேலை, பக்கம் கட்டுவது வேறு வேலை என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் எங்கோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அது அன்றைக்கு. இப்போது அவர் எதிரில் வந்தால் நான் பேசுகிற பேச்சே வேறு.

எங்கள் இதழ் என்பது பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றியிருக்கும் மூன்று எண்ணெய்ப்பனைத் தோட்டங்களின் இளைஞர் மன்றம் மாதாமாதம் விடும் நாலு பக்கத் தாள். யார் வீட்டில் கல்யாணம், எந்தத் திடலில் பந்து விளையாட்டு, எந்த லயத்து வீட்டு வரிசையில் குழாய் உடைந்து கேட்பாரில்லாமல் கிடக்கிறது, எல்லாம் அதில் வரும். கையால் எழுதுவது மன்றத்து அக்கா ஒருவர். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் இரும்பு முனையால் கீறுவார். மை உருளையில் போட்டுச் சுற்றி எடுப்போம். அவர் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். ஆனால் அவர் ரவாங்கில் ரேடியோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனதிலிருந்து இதழ் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

"இனிமே என்னால ஆகாதுடி. நாள் பூரா அங்க கம்பி ஒட்டறேன். இங்க வந்து ஒரு 'ழ' போட்டா முனை தாளக் கிழிச்சிட்டுப் போயிடுது" என்றார்.

மன்றக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, இனி இதழைக் கம்ப்யூட்டர் போடும் என்றேன். தலைவர் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோட்டத்தில் பனைக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர் அவர். எதையும் எடை போட்டுத்தான் நம்புவார்.

"தமிழ்ல போடுமா தங்கச்சி?"

"போட வச்சிடலாம் அண்ணே."

இந்த வாயைத்தான் இப்போது நொந்துகொள்கிறேன்.

தொழிற்சாலைக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் பழையதும் அதன் அச்சுப்பொறியும் மூலையில் கிடந்தன. முதலாளி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். தலைவரின் லோரியில் வைக்கோலில் பொதிந்து வந்து சேர்ந்தன. எங்கள் லயத்தில் தோட்டத்து எஞ்சின் ஓடும்போதுதான் மின்சாரம். அதுவும் பொழுது சாய்ந்தபிறகு. அதனால் பத்தாங் பெர்ஜுந்தாய் கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாயிடம் மாடியறையைக் கேட்டோம். எங்கள் இதழில் மாதம் தவறாமல் விளம்பரம் போடுகிறவர்.

"கரண்டு எம்புட்டு இழுக்கும் இது?" என்றார்.

"கொஞ்சந்தான் பாய்."

"எங்க ஐஸ்பெட்டியும் அப்புடிச் சொல்லித்தாம்மா உள்ள வந்துச்சு."

சொன்னாரே தவிர, சாவியைக் கொடுத்துவிட்டார். கீழே மாவு ஆட்டும் இயந்திரம் சுழன்றால் மேலே திரை நடுங்கும். நான் படிக்கட்டில் நின்று "பாய், மாவு!" என்று கத்துவேன். கூட்டம் சேர்ந்துவிட்டால் அவர் கீழிருந்து "அம்மா, தோசை!" என்று பதிலுக்குக் கத்துவார். அதற்குமேல் அன்று வேலை ஓடாது.

அந்தப் புரோகிராமுக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் அச்சுப்பொறியின் நினைவில் புது எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக ஏற்ற முடியும். கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தையும் வரைந்து, எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்று ஏற்றினேன். 'ப' ஒரே மூச்சில் வந்துவிட்டது. 'ட' அதைவிடச் சுலபம். 'ஞ' மட்டும் என்ன செய்தும் வரவில்லை. முதலில் வந்த பிரதியை அக்கா விளக்கருகில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னடி இது, மிதிச்ச கரப்பான்?"

"ஞ."

"ஞாயிறுன்னு எழுதாத. சண்டேன்னு எழுதிட்டுப் போ."

திரையில் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கன்னாபின்னாவென்று நிற்கும். தாளில் இறங்கும்போதுதான் தமிழாகும். விசைப்பலகையில் எழுத்துகள் எல்லாம் தீர்ந்தபிறகு கொம்புகளுக்கு மிஞ்சியவை கோடுகள்தான். ஒற்றைக்கொம்புக்குப் படுத்த கோடு, இரட்டைக்கொம்புக்குச் சாய்ந்த கோடு. கையால் எழுதுவது போலவே முதலில் கொம்பு, அடுத்து எழுத்து, அதற்குப் பின்னால் கால் என்று தட்டினேன். தமிழ் அப்படித்தானே எழுதுகிறோம்? எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

முதல் இதழ் வந்தது. தாள் சூடு ஆறுமுன் மூன்று தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் தலைவர் அண்ணன் லோரியைக் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு மாடியேறி வந்தார். கையில் இதழ்.

"தங்கச்சி, திருவிழா மேடையில நான் என்னா பண்ணினேன்?"

"பேசினீங்க அண்ணே."

"நல்லாப் படி."

'மன்றத் தலைவர் பசினார்' என்று இருந்தது.

"நான் என்னா மேடையில பசிச்சுக்கிட்டா நின்னேன்? காலையிலருந்து ஆபீஸ் கிராணி, வேல வாங்குற மண்டோரு, ஒருத்தரு விடாம, 'சாப்பிட்டியா தலைவரே'ன்னு கேக்குறாங்கலா!"

அதற்குக் கீழேயே, வந்தவர்கள் அனைவருக்கும் சாறு வழங்கப்பட்டதாக இருந்தது. வழங்கியது சோறு. பந்திக்கு அரிசி கொடுத்த குடும்பம் கோபித்துக்கொண்டதாகக் கேள்வி.

நான் 'பசினார்' என்பதற்கு மேல்வரியின் கடைசியைக் காட்டினேன். அங்கே ஒரு கொம்பு தனியாக நின்றது.

"கொம்பு முந்தின வரியிலேயே நின்னுடுச்சு அண்ணே."

"கொம்பு நிக்குது சரி. மாடு எங்க போச்சு?"

மாடு அடுத்த வரிக்குப் போய்விட்டது. நடந்தது இதுதான்: ஆங்கிலத்தில் படுத்த கோடோ சாய்ந்த கோடோ வந்தால் அந்த இடத்தில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம். புரோகிராம் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தது. என் கொம்பைக் கோடு என்று நினைத்து, அதை வரிக்கடைசியில் விட்டுவிட்டு மீதியைக் கீழே இறக்குகிறது. எல்லாச் சொல்லிலும் இல்லை. வரிக்கடைசியில் மாட்டுகிற சொல்லில் மட்டும். எது மாட்டும் என்று தாள் வெளியே வரும்வரை தெரியாது.

எல்லாம் திறந்து கிடக்கிறதே, மாற்றிக்கொள்ளலாம் என்று உள்ளே இறங்கினேன். அங்கேதான் தெரிந்தது, அது ஒருவர் எழுதியதல்ல. முதலில் ஒருவர் எழுதியிருக்கிறார், அதை இன்னொருவர் மாற்றியிருக்கிறார், அவர் மாற்றியது பிடிக்காமல் மூன்றாமவர் மேலே பூசியிருக்கிறார். ஆளாளுக்குக் குறிப்பு. 'இது தற்காலிகம்' என்று ஒன்று. 'மேலே உள்ளவர் சொன்னதை நம்பாதே' என்று ஒன்று. சொல்லை உடைக்கும் இடத்தில், சரியாக நான் கை வைக்க வேண்டிய வரிக்குப் பக்கத்தில், ஆங்கிலத்தில் இப்படி: 'இந்த வரியைத் தொடாதே. எடுத்தால் எல்லாம் நின்றுவிடும். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.'

நான் தொடவில்லை. பயம். அதைச் சுற்றிச் சுற்றி ஒட்டுப் போட்டேன். கோட்டில் உடைக்காதே என்று ஓர் இடத்தில் சொன்னேன். வரி அகலத்தைத் தாண்டிப் பக்கத்துப் பத்திக்குள் நுழைந்தது. கல்யாண வீட்டுக்காரரும் கருமாதி வீட்டுக்காரரும் ஒரே வரியில் நின்றார்கள். அதைச் சரிசெய்தேன், தலைப்புகள் காணாமல் போயின. தலைப்பை மீட்டேன்; பாயின் விளம்பரம் இரண்டு தடவை வந்தது. அவர் மட்டும் சந்தோஷப்பட்டார்.

வகுப்புத் தோழனிடம் போய் நின்றேன். அவன் புது டிஸ்க் ஒன்றை நீட்டினான்.

"புதுசு வந்திருக்கு. எல்லாத்தையும் சரி பண்ணிட்டாங்க."

எல்லாத்தையும் என்றால் யாருடைய எல்லாத்தையும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். புதியது எங்கள் பழைய செய்திகளைத் திறக்க மாட்டேன் என்றது. நான் போட்ட ஒட்டுகள் எதுவும் அதில் இல்லை. கொம்பு மட்டும் பழையபடி வரிக்கடைசியில் நின்றது. அடுத்த சனிக்கிழமை அவனிடம் கத்தினேன்.

"நீ காசா குடுத்த?" என்றான்.

"இல்ல."

"அப்புறம் என்னா கோவம்? வேணுங்கிறத நீயே மாத்திக்கலாம். அதோட அழகே அதுதான்லா."

நீயே மாத்திக்கலாம். இதைவிட எரிச்சலூட்டும் வாக்கியத்தை நான் கேட்டதில்லை. வேறொருவர் கட்டிய வீட்டுச் சாவியைக் கொடுத்து, கூரை ஒழுகினால் நீயே ஏறிக்கொள் என்கிற மாதிரி.

அடுத்த இதழுக்கு நாள் நெருங்கியது. பக்க அமைப்பு சரியாக வருகிறதா என்று பார்க்க, தமிழ்ச் செய்தியையே ஆங்கில எழுத்தில் தட்டி ஒரு பக்கம் எடுத்தேன். சோதனைக்குத்தான். அந்த நேரம் பார்த்துத் தலைவர் மாடியேறி வந்தார். இரண்டு பத்தியும் கத்தியால் வெட்டின மாதிரி நின்றன. தலைப்பு தடிப்பாக, அடிக்கோட்டோடு.

"பேப்பர் மாதிரியே இருக்குலா! இப்படியே போட்டுடுவோம்."

"அண்ணே, இது தமிழ் எழுத்தே இல்ல."

"படிச்சா தமிழாத்தானே கேக்குது? பசங்க எல்லாம் ரூமி எழுத்துல மலாய் படிக்கிறவங்கதானே."

அக்கா என் பக்கம் நிற்பார் என்று திரும்பிப் பார்த்தேன். மன்றத்திலேயே அழகாகத் தமிழ் எழுதுகிற கை அவருடையது. அவர் ஏற்கெனவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டத் தொடங்கியிருந்தார்.

"எனக்கு விரல் வலி போச்சுடி. நீ உன் கொம்பப் புடிச்சுக்கிட்டு நில்லு."

அந்த இதழை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா தோட்டத்தில் பனங்குலையிலிருந்து விழும் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். இதழ் வந்தால் லயத்து வாசலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிப்பார். நாலு வீட்டுப் பெண்கள் கூடிவிடுவார்கள். 'பசினார்' வந்த இதழைக்கூட அப்படித்தான் படித்து, சிரித்து, தலைவரை ஒரு வாரம் ஓட்டினார்கள். இந்த முறை தாளை வாங்கினார், திருப்பினார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு மடித்து என்னிடமே நீட்டினார்.

"எனக்கு இல்லாத தாள எங்கிட்ட ஏண்டி குடுக்கிற?"

தாளை வாங்கிக்கொண்டேன். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது நான். அக்காவின் ஸ்டென்சிலை மூடி வைத்தது நான். அது இல்லாதிருந்தால் இதழ் தாமதமாகவாவது அம்மாவுக்குப் புரிகிற எழுத்தில் வந்திருக்கும்.

ஆனால் தலைவர் மனதை மாற்றியது அம்மா இல்லை. இதழின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஓர் அறிவிப்பு.

சுங்கை பஞ்சாங் பக்கத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியர், ஆண்டுப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் நடத்த ஒத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வருவதாகச் சொன்னார். அக்கா அறிவிப்பைத் தட்டினார்: 'Ilavasa padam! Nyayiru malai, thotta palliyil. Anaivarum varuga.' நான் சரிபார்த்தேன். எனக்கு விஷயம் தெரியும் என்பதால் பாடம் என்றுதான் கண்ணில் பட்டது. விஷயம் தெரியாதவர்கள் என்ன படிப்பார்கள்? எங்கள் தோட்டங்களில் இலவசம் என்று வந்தால் அது திடலில் துணி கட்டிக் காட்டும் படம்தான்.

ஞாயிறு மாலை நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இடமில்லை. கோரைப்பாய், தலையணை, கைக்குழந்தை. மூன்று தோட்டமும் வந்திருந்தது. கச்சாம்பூத்தே கடலை விற்கிறவர் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கடை பாயே வேனில் தேநீர் அண்டாவோடு வந்து இறங்கியிருந்தார்.

"சொல்லவே இல்லையேம்மா! படத்துல யாரு நடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியரின் மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் ஒரு பெட்டி கட்டியிருந்தார், பயிற்சிப் புத்தகங்கள். பிள்ளைகள் "பிலிமுக்காரரு வந்துட்டாரு!" என்று கூச்சலிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். இவ்வளவு பேர் படிக்க வந்திருக்கிறார்களே என்று அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

முன்வரிசையில் கோரைப்பாய் விரித்திருந்த ஒருவர் கேட்டார்: "துணி கட்டலையா?"

"துணியா? எதுக்குங்க?"

"துணி இல்லாம படம் எதுல விழும்?"

"பாடம் இதுலதாங்க" என்று அவர் கரும்பலகையைக் காட்டினார்.

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்த சத்தத்தைச் சொல்லி முடியாது. பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் தலைவரைத் தேடினார்கள். "கணக்குப் பாக்கவா கோழிய அடைச்சிட்டு ஓடியாந்தேன்?" என்று ஒரு பாட்டி. "ரெண்டு சண்டையாச்சும் காட்டச் சொல்லு" என்று ஒருவர். பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் படம் இல்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓடிவிட்டார்கள். பாய் அண்டாவைத் திரும்ப ஏற்றவில்லை. அங்கேயே விற்றுத் தீர்த்தார்.

ஆசிரியர் பெட்டியைத் திறக்கவே இல்லை. மறுபடி கயிறு போட்டுக் கட்டினார். நானும் தலைவரும் அருகில் போய் நின்றோம். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அடுத்து எப்ப வரணும்னு தமிழ்ல எழுதி அனுப்புங்க."

தலைவர் அதற்குப் பிறகு மாடியறையில் வைத்துத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டார். "பொங்கல் இதழ் தமிழ்ல வரணும் தங்கச்சி. கொம்போட வரணும். இல்லாட்டி இதழே வேணாம்லா. வெள்ளிக்கிழமை கோயில்ல மைக்கப் புடிச்சு நானே சொல்லிட்டுப் போறேன்." அக்காவைப் பார்த்தேன். ஸ்டென்சில் பக்கம் இனித் திரும்புவதாக இல்லை என்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். தொழிற்சாலைக் கம்பி சுட்ட தழும்பு. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆக, இதழ் இருக்குமா, போகுமா என்பது என் கையில் வந்து நிற்கிறது. அம்மா கேட்கவில்லை, ஆனால் நான் எப்போது கடைத்தெருவுக்குக் கிளம்பினாலும் நிமிர்ந்து பார்க்கிறார்.

பேருந்தில் வரும்போதெல்லாம் அந்த ஒரே கொம்பைத்தான் யோசிக்கிறேன். நேற்று எதிர் இருக்கையில் ஒரு சின்னப் பெண் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். "கோ-ழி" என்றாள். கொம்பு, ககரம், கால் என்று சொல்லவில்லையே! கண்ணுக்குத்தான் கொம்பு முன்னால் வருகிறது. வாய்க்கு எழுத்துதான் முதலில், ஓசை பின்னால். நான் கையெழுத்துப் பழக்கத்தில் கொம்பை முதலில் தட்டித் தட்டி, அதைத் தனியாக நிற்கக்கூடிய ஒன்று என்று புரோகிராமுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெள்ளைக்காரரைத் திட்டினது பாதிக்குமேல் வீண். முழுவதும் வீணில்லை, அந்தக் குறிப்புகளுக்காகத் திட்டலாம்.

எனவே இனிச் சொல்கிற வரிசையில்தான் தட்டப்போகிறேன். எழுத்து, அதன் பின்னால் ஓசை, இரண்டும் பிரிக்க முடியாத ஒன்று. வரியை உடைக்கிற வேலை முடியும்வரை கொம்பு என்ற ஒன்று உள்ளே இருக்கவே இருக்காது. வரி உடைந்து முடிந்து, அச்சுப்பொறிக்குப் போகிற கடைசி நொடியில் ஓசையைப் பிரித்து, கொம்பை முன்னால் தூக்கி வைக்க வேண்டும். முதலில் சோதிக்கப்போகும் சொல்லும் தயார்: 'பொங்கல்'. வேண்டுமென்றே அதை வரிக்கடைசியில் மாட்டவைத்துப் பார்ப்பேன். இதற்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தேடினால், வேறு வழியே இல்லை; சரியாக அந்த இடம்தான். பழைய டிஸ்கை இரண்டு நகல் எடுத்துவிட்டேன். நாளை வேலை விட்டதும் நேரே மாடிக்குப் போகிறேன். மாவு ஆட்டுவதைத் தள்ளிவைக்கச் சொல்லி பாயிடமும் சொல்லியாயிற்று. 'தொடாதே' என்று எழுதியிருக்கிறதே அந்த வரி, அதைத்தான் முதலில் தொடப்போகிறேன்.